விபத்தைச் சொல்லி இங்கிலீஷ் பழகுவோம்!

இங்கிலீஷ் பீரியடில் நாம் எத்தனை தடவை ‘மை ஹாபி’ எழுதியிருப்போம்? ஸ்டாம்பையே கண்ணால் பார்க்காதவன் ஸ்டாம்ப் சேர்க்கிறான். வாடகை வீட்டில் இருப்பவன் தோட்டம் போடுகிறான். மனப்பாடம் பண்ணின ஆறு வரி, பரீட்சை ஹாலை விட்டு வெளியே வந்ததும் காலி! ஹாபியை ஓரமாக வைத்துவிட்டு, விபத்தையும் மீட்பையும் சொல்லிச் சொல்லித்தான் நாம் இங்கிலீஷ் பழக வேண்டும் என்பது என் கருத்து.

என்னடா, ஆண்டு மலரில் போய் அபசகுனமாகப் பேசுகிறானே என்று நினைக்காதீர்கள். நாளைக்கு ஷாப் ஃப்ளோரில் சூப்பர்வைசராக நிற்கப் போகிறவர்கள் நாம். அங்கே யாரும் நம் ஹாபியைக் கேட்கப் போவதில்லை. 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாத காயம் என்றால் இன்ஸ்பெக்டருக்கு நோட்டீஸ் போக வேண்டும் என்று 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 88-வது பிரிவு சொன்னது. சட்டத்தின் பெயர் மாறினாலும் ரிப்போர்ட் எழுதும் வேலை ஒழியவில்லை.

இன்பிளான்ட் டிரெயினிங் போன இடத்தில் (பெயர் வேண்டாம்) பவர் பிரஸ்ஸில் ஒரு கான்ட்ராக்ட் அண்ணனுக்கு இரண்டு விரல் நசுங்கியது. கார்டைக் கழற்றி மூன்று நாளாக மூலையில் போட்டிருந்தார்கள். ரிப்போர்ட் இங்கிலீஷில் வந்தது. ‘டியூ டு கேர்லெஸ்னெஸ் ஆஃப் தி ஒர்க்கர்’ என்று ஒரே வரி. எழுதியவர் அந்த நேரத்தில் ஷாப்பிலேயே இல்லை. அண்ணன் இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டார். கீழே சாட்சிக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேருக்கும் அந்த வரி என்ன சொல்கிறது என்று தெரியாது. கார்டைப் பற்றி ஒரு வார்த்தை அதில் கிடையாது.

தமிழில் நாம் ‘கை மாட்டிக்கிச்சு’ என்போம். யார் செய்தது, எது செய்தது என்று அந்த வாக்கியம் கேட்பதில்லை. இங்கிலீஷில் எழுத உட்கார்ந்தால் ஒரு சப்ஜெக்ட் தேவைப்படுகிறது. ‘தி கார்ட் வாஸ் ரிமூவ்ட்’ என்று எழுதினால் பேசிவ் வாய்ஸ். மார்க் உண்டு, ஆனால் கழற்றியது யார்? ‘ஹி வாஸ் ஃபீடிங் தி ஷீட் வென் தி ராம் கேம் டவுன்’ என்று எழுதினால் மனுஷன் அப்போது தன் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது தெரிந்துவிடும். பாஸ்ட் கன்டினியூவஸ் எதற்கு என்று எனக்குப் பிடிபட்டது அந்த வாக்கியத்தில்தான், கிராமர் புத்தகத்தில் இல்லை.

ஒரு சின்ன பிரிபொசிஷன்கூட ஆளைக் கொல்லும். 1977 மார்ச் 27-ல் ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவு விமான நிலையத்தில் பனிமூட்டம். ரன்வேயில் ஓடத் தொடங்கிய டச்சு விமானத்திலிருந்து ‘வி ஆர் நௌ அட் டேக் ஆஃப்’ என்றார்கள். கன்ட்ரோலர், விமானம் புறப்படத் தயாராக நிற்கிறது என்று எடுத்துக்கொண்டார். அதே ரன்வேயில் எதிரே இன்னொரு ஜம்போ! 583 பேர் போனார்கள். காரணங்கள் பல உண்டு, அந்த ‘அட்’டும் அதில் ஒன்று. அதற்குப் பிறகு, புறப்பட அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டும்தான் ‘டேக் ஆஃப்’ என்ற சொல், மற்ற நேரத்தில் ‘டிபார்ச்சர்’ என்று விதியே வந்துவிட்டது.

சாவு மட்டும்தானா? மீட்பும் இருக்கிறது. 2023 நவம்பர் 12, தீபாவளி அன்று உத்தரகாண்டில் சில்க்யாரா சுரங்கப்பாதை சரிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். ஆகர் மெஷின் உள்ளேயே உடைந்து நின்றது. கடைசிச் சில மீட்டரை எலிவளைச் சுரங்கத் தொழிலாளர்கள் கையாலேயே தோண்டினார்கள். 17-வது நாள் ராத்திரி 41 பேரும் குழாய் வழியாக உயிரோடு வந்தார்கள். இதை இங்கிலீஷில் பத்து வரி சொல்லிப் பாருங்கள். ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’, ‘பை தி டைம்’, ‘ஹேட் பீன் டிராப்ட்’ எல்லாம் தானாக வந்து வரிசையில் நிற்கும். ஏனென்றால் கேட்கிறவன் ‘அப்புறம்?’ என்று விடமாட்டான். ஹாபிக்கு யார் ‘அப்புறம்’ கேட்டார்கள்?

அடுத்தவன் கஷ்டத்தில் நாம் இங்கிலீஷ் படிப்பதா என்று ஒரு தோழி கேட்டார். நியாயமான கேள்விதான். அதனால் எங்கள் குரூப்பில் இரண்டு கண்டிஷன். நடந்ததை மட்டும்தான் சொல்ல வேண்டும், ரத்தத்தைக் கூட்டிச் சொல்லக் கூடாது. யார் மேலேயும் பழி போடுவதற்கு முன்னால் ‘ஹவ் டு யூ நோ?’ என்று மற்றவர்கள் கேட்டே தீருவார்கள். சினிமா ஃபைட் மாதிரி ஆரம்பித்த ஒருவனை இந்தக் கேள்வி இரண்டே நிமிஷத்தில் உட்கார வைத்தது.

புதன்கிழமை ராத்திரி மெஸ் முடிந்ததும் ஹாஸ்டல் மொட்டை மாடியில் கூடுகிறோம். போன வாரம் ஒரு சிவில் தம்பி, 1989-ல் ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்ததையும், ஜஸ்வந்த் சிங் கில் என்ற இன்ஜினியர் இரும்புக் கூண்டில் தானே இறங்கி 65 பேரை ஒவ்வொருவராக மேலே அனுப்பியதையும் சொன்னான். ‘கேப்ஸ்யூல்’ என்ற சொல் வரவில்லை. ‘ஒன் மேன் ஸ்டாண்டிங் டிரம்’ என்றான். எல்லோருக்கும் புரிந்தது. டே-ஸ்காலர்களும் வரலாம், கடைசி பஸ் ஒன்பதரைக்குத்தான்.