அனுப்பியவர் யார் என்று கேட்போம்



ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரிக்க வேண்டும் என்பது அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் நமக்கு இடும் கட்டளை. ஹதீஸ் கலை அறிஞர்கள் அதனை ஒரு துறையாகவே வளர்த்தார்கள். சொன்னவர் யார், அவர் யாரிடமிருந்து கேட்டார் என்று ஒவ்வோர் அறிவிப்பாளரையும் ஆராய்ந்தார்கள். அந்த மரபுக்கு உரியவர்களாகிய நாம், கைப்பேசியில் வரும் இணைப்பை அனுப்பியவர் யாரென்று பாராமலே தொட்டுவிடுகிறோம்.

குறைந்த கட்டணத்தில் உம்ரா, வளைகுடாவில் வேலை, வங்கிக் கணக்கு முடக்கம் என மோசடியின் வேடங்கள் பல. காவல் அதிகாரியாகக் காணொளி அழைப்பில் தோன்றி 'டிஜிட்டல் கைது' என மிரட்டுவோரும் உண்டு. அப்படியொரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையாது. பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையில்லை. பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். தாமதிக்கத் தாமதிக்க மீட்கும் வாய்ப்புக் குறையும். இம்மூன்றையும் நம் வீடுகளில் எத்தனை பேர் அறிவர்?

இதனைக் கற்பிப்பது கணினிப் பேராசிரியரின் வேலை என்று பலர் எண்ணுவர். நூலகரும் அவருடன் அமர வேண்டும் என்பது என் கருத்து. பேராசிரியர் பூட்டின் நுட்பத்தை அறிவார். எந்தத் தகவலை நம்பலாம் என்று பிரித்தறிவதும், எளிய கேள்வியோடு வருபவருக்கும் பொறுமையாக வழிகாட்டுவதும் நூலகரின் அன்றாடப் பணி. ஏமாந்தவர் வெட்கத்தால் வாய்மூடுவதே மோசடிக்காரனுக்குப் பெரும் துணை. ஆகவே கூச்சமின்றிக் கேட்கும் இடம் வேண்டும். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதனும் அதற்குமுன் மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவரே. வகுப்பறையும் நூலகமும் கைகோப்பது நமக்குப் புதிதன்று.

செங்கல்பட்டு மாவட்டத்தில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. வண்டலூரில் பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்கள் உருவாக்கிய கிரெசண்ட் கல்வி நிலையம் 1984 முதல் இயங்குகிறது. இத்தகைய நிலையங்களின் நூலகமும் கணினித் துறையும் இணைந்து, இஷாவுக்குப் பின் இணையவழியில், எளிய தமிழில் மாதம் ஒரு கருத்தரங்கு நடத்தலாம். கோவளம் முதல் மாமல்லபுரம் வரை, வெளியே செல்ல இயலாத தாய்மாரும் முதியோரும் வீட்டிலிருந்தே பயனடைவர்.

அந்தக் கருத்தரங்கின் இணைப்பை மட்டும் எவ்வாறு நம்புவது எனச் சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலில் ஜமாஅத் நிர்வாகிகளே அதனை அறிவிக்கட்டும். அதுவே முதல் பாடமாகவும் அமையும்.

பொருள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைக் காக்கும் அறிவை அவன் நமக்கு வழங்குவானாக, ஆமீன்.