முழுக்குக்குப் பணம், ஆராய்ச்சிக்குப் பட்டினியா?

2018 அக்டோபரில் தாமிரபரணியில் "மகா புஷ்கரம்" என்று ஒரு கூத்து நடந்தது. 144 வருஷத்துக்கு ஒருமுறை வரும் புண்ணியமாம்! பாபநாசம் முதல் படித்துறைதோறும் ஜனங்கள் முழுகி எழுந்தார்கள். ரயில் சத்தத்துக்கும் தட்சணைக்கும் ஆன பணத்துக்கு யார் கணக்குக் கேட்டார்கள்?

நிற்க, அந்தப் பாபநாசத்து மலைமேல் சொரிமுத்தையனார் கோயிலில் முத்துப்பட்டன் என்று ஒரு சாமி உண்டு. அவன் பார்ப்பனன். செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் மக்கள் பொம்மக்காள், திம்மக்காள் இருவரையும் மணக்க விரும்பி, குடுமியை அறுத்து, பூணூலை எறிந்து, செருப்பும் தைத்து, கடைசியில் மாடு களவாட வந்தவர்களோடு சண்டையிட்டு மாண்டான். இதுதான் வில்லுப்பாட்டுக் கதை. ஜாதித் திமிருக்கு இது பொறுக்குமா? அப்பெண்கள் வாஸ்தவத்தில் பார்ப்பனர் பெற்றுக் காட்டில் விட்ட குழந்தைகளே என்று ஒரு வாலை ஒட்டிவிட்டார்கள்! பகடை மகளைப் பார்ப்பனன் மணந்தான் என்கிற "களங்கம்" தீர்ந்துவிட்டதல்லவா?

அது பின்னால் ஒட்டிய வால் என்று எடுத்துக் காட்டியவர் யார்? மடாதிபதியா? சாஸ்திரியா? அல்ல. 1917-இல் நாங்குநேரியில் பிறந்து, பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திப் பிழைத்த தோழர் நா. வானமாமலை அவர்களே. அவர் பொதுவுடைமைக்காரர். நமக்கும் அவர் கட்சிக்கும் அபிப்பிராய பேதங்கள் பல உண்டு. அதற்காக அவர் செய்த வேலையை மறைப்போமா? 1967-இல் அவர் துவக்கியதே நெல்லை ஆய்வுக் குழு. வாத்தியார்களும் மாணவர்களும் கூடிக் கட்டுரை படிப்பார்கள். பட்டம் இல்லாதவனும் எழுந்து ஆட்சேபிக்கலாம். தேறியது "ஆராய்ச்சி" என்ற பத்திரிகையில் ஏறும். அது 1969-இல் பிறந்தது.

சர்க்கார் பல்கலைக்கழகம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. வானமாமலை திரட்டிய கதைப்பாடல்களை மதுரைப் பல்கலைக்கழகமே அச்சிட்டது. ஆனால் எந்தப் பாட்டைத் தேடுவது, யாருடைய புரட்டை உடைப்பது என்பதைச் சம்பளம் கொடுப்பவனிடம் கேட்டுத் தீர்மானிக்கிறவனுக்கு, மேலே இருப்பவன் மாறினால் கேள்வியும் மாறிவிடும். கேட்க ஆளில்லாத வாத்தியானுக்கல்லவா வால் கண்ணில் படும்?

வானமாமலை 1980-இல் காலமானார். ஒருவர் முதுகில் நிற்கும் குழு எத்தனை நாள் நிற்கும்? ஆகவே கொடைக்கு வரி கேட்டு வாசலில் நிற்பவரிடம், நெல்லைத் தோழர்கள் ஒன்று கேட்க வேண்டுகிறோம்: வாணவேடிக்கைக்கு வைத்திருக்கும் தொகையில், கிழட்டு வில்லுப் புலவர் வாயிலிருக்கும் பாட்டை எழுதி வர ஒரு வாத்தியாருக்குப் பஸ் சார்ஜும், செல் அரிக்கும் ஏடுகளை வைக்க ஓர் அறைக்கு வாடகையும் கொடுக்கச் சம்மதமா?