அபர்தீனுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்

மே மாத லீவு வந்தால் போதும், அந்தமானில் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் டிராவல் ஏஜென்சியாக மாறிவிடும். ஊரிலிருந்து மச்சான், சித்தப்பா, ஒன்றுவிட்ட தங்கச்சி என்று கப்பலிலும் ஃபிளைட்டிலும் வந்து இறங்குவார்கள். குட்வில் எஸ்டேட்டில் எங்கள் வீட்டிலும் அதே கதைதான். ப்ரோக்ராம் எல்லா வீட்டிலும் ஒன்றே: செல்லுலார் ஜெயில், ராஸ் தீவு, கார்பின்ஸ் கோவ் பீச். அது முடிந்ததும் மெதுவாக ஒரு கேள்வி வரும். "ஏன் மாப்பிள்ளை, அந்த ஜாரவா ஜனங்களைப் பார்க்க முடியுமா?"

பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. பழங்குடிகளைப் பாதுகாக்க 1956-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. அதைவிட முக்கியம், மனிதர்களை வேடிக்கை பார்க்க டூர் போவது அசிங்கம். அதற்குப் பதிலாக அவர்களை ஒரு நாள் அபர்தீன் போர்க்களத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

"போர்க்களமா? அபர்தீன் பஜாரில் காய்கறிதானே வாங்குகிறோம்?" என்பீர்கள். அதே அபர்தீன்தான். கடலோரத்தில், வாட்டர் ஸ்போர்ட்ஸ் காம்ப்ளெக்ஸில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. ராஸ் தீவுக்குப் படகு ஏறப் போகிற கூட்டம் அதைத் தாண்டித்தான் போகிறது. நின்று படிப்பவர்கள் குறைவு.

கதை இதுதான். 1858 மார்ச் 10-ஆம் தேதி டாக்டர் ஜே.பி. வாக்கர் 200 கைதிகளோடு இங்கே வந்து இறங்கினார். 1857 எழுச்சிக்குப் பிறகு நாடு கடத்தப்பட்டவர்கள். அவர்களை வைத்தே காட்டை வெட்டினார்கள். அந்தக் காடு கிரேட் அந்தமானிகள் என்று நாம் சொல்கிற மக்களின் வீடு. வெட்ட வெட்ட அவர்கள் எதிர்த்தார்கள். 1859 மே மாதம் பெரிய கூட்டமாகத் திரண்டு அபர்தீனைத் தாக்கினார்கள். ஒரு பக்கம் வில், அம்பு. இன்னொரு பக்கம் துப்பாக்கி. முடிவு என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நடுவில் ஒருவர் வருகிறார், தூத்நாத் திவாரி. இவரும் கலகத்தில் தண்டனை பெற்ற சிப்பாய்தான். 1858 ஏப்ரலில் மற்ற கைதிகளோடு தப்பி ஓடினார். கூட வந்தவர்களை அந்தமானிகள் கொன்றார்கள். காயம்பட்ட இவரை மட்டும் விட்டுவைத்து, தங்களோடு சேர்த்துக்கொண்டு, கல்யாணமும் செய்துவைத்தார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் அவர்கள் சோற்றைச் சாப்பிட்டவர், தாக்குதல் வரப்போகிறது என்று தெரிந்ததும் ஓடிவந்து வெள்ளைக்காரர்களிடம் சொல்லிவிட்டார். அவர்கள் தயாராக இருந்தார்கள். 1860-இல் திவாரிக்கு மன்னிப்பு கிடைத்தது.

இவர் துரோகியா? சக கைதிகளின் உயிரைக் காப்பாற்றியவரா? பிள்ளைகள் கண்டிப்பாகக் கேட்பார்கள். அவசரப்பட்டுத் தீர்ப்பு சொல்லாதீர்கள். செல்லுலார் ஜெயிலில் நல்லவன் கெட்டவன் யார் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். இங்கே முடியாது. சங்கிலியில் கிடந்தவனும் பாவம், காட்டை இழந்தவனும் பாவம். இரண்டு பேரையும் மோதவிட்டவன் மூன்றாவது ஆள்.

நான் பி.காம். படித்தவன், எனக்கு எதையும் கணக்காகப் பார்த்தால்தான் புரியும். 1858-இல் கிரேட் அந்தமானிகள் சுமார் 5,000 பேர் இருந்திருப்பார்கள் என்பது மதிப்பீடு. 1901 சென்சஸில் 625. 1961-இல் 19. போரைவிட நோய்கள்தான் அவர்களை அதிகம் அழித்தன. 1877-இல் வந்த தட்டம்மை மட்டும் கிராமம் கிராமமாகத் துடைத்தது. அவர்களைக் கொண்டுவந்து வைத்த 'அந்தமான் ஹோம்' என்ற இல்லத்தை 1863-இல் ஆரம்பத்தில் நடத்தியவர் பாதிரியார் கார்பின். நாம் புளியோதரை கட்டிக்கொண்டு போகிற கார்பின்ஸ் கோவ் அவர் பெயரில்தான் இருக்கிறது. 2010 ஜனவரியில் போவா என்ற மூதாட்டி இறந்தபோது 'அகா-போ' என்ற மொழி பேச ஆளில்லாமல் போனது. 2011 சென்சஸில் தீவுகளின் ஜனத்தொகை சுமார் 3.8 லட்சம். அதில் கிரேட் அந்தமானிகள் 44 பேர்.

கணக்கியலில் குட்வில் என்று ஒரு சொத்து உண்டு. காசு கொடுத்து வாங்கியிருந்தால்தான் அதைப் புத்தகத்தில் ஏற்றலாம். இந்தத் தீவு மண்ணுக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, அபர்தீன் நம் புத்தகத்தில் ஏறவே இல்லை.

"சார், நாம என்ன பண்ணினோம்? பொழைக்க வந்தவங்கதானே?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. கூலிக்கும் வேலைக்கும் வியாபாரத்துக்கும் வந்தவர்கள் நாம். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டவர்களில் சில குடும்பங்கள் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு வந்தன. மண்ணை விட்டுப் பிடுங்கி எறிவது என்றால் என்ன என்று நம் ஜனங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அதனால்தான் சொல்கிறேன், இந்தக் கதை நமக்குப் புரிய வேண்டிய கதை. பிள்ளைகளைக் குற்றவாளி ஆக்குவதற்கு இல்லை. நமக்கு முன்னால் இங்கே யார் இருந்தார்கள் என்று தெரிந்து வளர்கிற பிள்ளை, ஜாரவாவைப் பார்த்து பிஸ்கட் வீசாது.

சரி, பிளானுக்கு வருவோம். போர்ட் பிளேருக்கு (2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம், எனக்குப் பழக்கம் போகவில்லை) காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். முதலில் நினைவுச் சின்னம். கதையை அங்கேயே நின்று சொல்லுங்கள், எதிரே தண்ணீருக்கு அந்தப் பக்கம் ராஸ் தெரியும். 2018-இல் அதற்கு நேதாஜி பெயர் வைத்தார்கள். பிறகு படகில் அங்கே போய், வெள்ளைக்காரன் ஆட்சி நடத்திய இடத்தைப் பாருங்கள். சாப்பாடு முடிந்ததும் மானுடவியல் அருங்காட்சியகம். கடைசியில்தான் செல்லுலார் ஜெயில். அது 1906-இல் கட்டி முடித்தது, வரிசையிலும் பின்னாலேயே வரட்டும்.

எது எந்தக் கிழமை லீவு என்று முன்னாடியே விசாரித்துக்கொள்ளுங்கள். இங்கே ஆறு மணிக்குள் இருட்டிவிடும் என்பதை ஊர்க்காரர்களுக்குச் சொல்லிவையுங்கள். மே கடைசி வாரம் என்றால் குடை கட்டாயம். பீச்சை அடுத்த நாளைக்கு வைத்துக்கொள்ளலாம், அது எங்கேயும் போய்விடாது :-)