தமிழ்ல நாவல் வரிசையே இல்லையாம்! (கொஞ்சம் நீளமான த்ரெட்)

வாழ்நாள்ல படிச்சே ஆகவேண்டிய நாவல் வரிசைகள்னு ஒரு பட்டியல் ரெண்டு நாளா சுத்துது. ஹாரி பாட்டர், ஃபவுண்டேஷன், லார்ட் ஆஃப் தி ரிங்ஸ், ஷெர்லாக் ஹோம்ஸ். எல்லாம் நல்ல புத்தகங்கள், அதுல சண்டை இல்லை. "தமிழ்ல என்ன இருக்கு?"னு ஒருத்தர் கேட்டதுக்கு வந்த பதில்தான் என்னை எழுத வெச்சது. பொன்னியின் செல்வன் ஒண்ணுதானாம், மத்ததெல்லாம் பஸ் ஸ்டாண்டு குப்பையாம்.

நான் காரியாபட்டிக்காரன். அந்த பஸ் ஸ்டாண்டு குப்பையிலதான் படிக்கக் கத்துக்கிட்டேன். அதனால கொஞ்சம் கோவமாத்தான் வரும், பொறுத்துக்கோங்க.

முதல்ல பொன்னியின் செல்வனையே எடுப்போம். 1950-லேர்ந்து 1954 வரைக்கும் கல்கி பத்திரிகையில வாராவாரம் வந்த தொடர்கதை அது. கதையை ஒரு இக்கட்டுல நிறுத்தி, அடுத்த வாரம் வரைக்கும் வாசகனைத் தவிக்க விட்ட எழுத்து. இன்னைக்கு கெட்டி அட்டை போட்டு அலமாரியில ஏறினதும் அது இலக்கியம் ஆயிடுச்சு. அதே வேலையை சாணித்தாள்ல செஞ்ச ராஜேஷ்குமார் மட்டும் குப்பையா? கல்கியையே வணிக எழுத்துன்னு க.நா.சு. காலத்துல ஒதுக்கி வெச்சாங்க, அதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

ராஜேஷ்குமார் 1500-க்கு மேல நாவல் எழுதியிருக்கார். எல்லாமே நல்லாருக்கும்னு அவரோட ரசிகர்களே சொல்ல மாட்டாங்க. ஆனா விவேக், ரூபலா பேரை அட்டையில பார்த்ததும் காசை எடுத்து நீட்டின கூட்டத்துல பாதிப்பேர் வேற புத்தகமே தொட்டிருக்க மாட்டாங்க. எங்க பக்கம் மதுரை பஸ்ல ஏறினா அருப்புக்கோட்டை வர்றதுக்குள்ள ஒரு கொலையில பாதி துப்பு துலங்கிடும்.

அடுத்து சுஜாதா. 1968-ல நைலான் கயிறுல கணேஷ் தனியாத்தான் வந்தார். வசந்த் அப்புறம்தான் சேர்ந்தார், அதுக்கப்புறம் ரெண்டு பேரையும் பிரிக்க முடியல. ஒருத்தர் நிதானமா கேள்வி கேட்பார், இன்னொருத்தர் துருதுருன்னு ஊகம் சொல்வார். ராத்திரி டியூட்டியில ஒரு டாக்டர் மண்டைக்குள்ள நடக்கிறது அச்சு அசல் இதுதான். "வயித்து வலி"ன்னு ஒருத்தர் வந்தா, உள்ளே இருக்கிற வசந்த் உடனே ஒரு வியாதி பேரைச் சொல்லுவான். "இரு, எப்பலேர்ந்து வலிக்குதுன்னு கேட்டியா?"ன்னு கணேஷ் தடுக்கணும். கொலையுதிர் காலத்துல பேயா விஞ்ஞானமான்னு ரெண்டு விளக்கத்தையும் கூடவே கூட்டிட்டுப் போவார் பாருங்க, பிடிக்காத விளக்கத்தையும் அவசரப்பட்டுத் தூக்கிப் போடக்கூடாதுங்கிறது எனக்கு அங்கதான் பதிஞ்சது. வசந்தோட பொம்பளை ஜோக்குகளை இன்னைக்குப் படிச்சா முகம் சுளிக்கத்தான் வைக்குது. அதை மறைச்சு சிபாரிசு பண்ண மாட்டேன்.

ஹோம்ஸை எழுதின கானன் டாயிலும் டாக்டர்தான். எடின்பரோவுல தனக்குப் பாடம் எடுத்த ஜோசப் பெல்ங்கிற டாக்டரை மனசுல வெச்சுத்தான் ஹோம்ஸை உருவாக்கினார். 1893-ல ஹோம்ஸைக் கொன்னார். வாசகர்கள் விடல, 1903-ல உயிரோட திருப்பிக் கொண்டுவர வேண்டியதாப்போச்சு. லண்டன்ல நடந்தா அது வாசகர் அன்பு, இங்க நடந்தா ரசனைக்கேடு. என்ன நியாயம்?

சிரிக்கணுமா? தேவனோட துப்பறியும் சாம்பு. பேங்க் குமாஸ்தா, ஒண்ணும் தெரியாது, ஆனா தொட்ட கேஸெல்லாம் தானா துலங்கிடும். (இந்த மாதிரி சீனியர் டாக்டர்களை எனக்குத் தெரியும். பேர் சொல்ல மாட்டேன்.)

இப்ப நம்ம மாவட்டப் பெருமை. முத்து காமிக்ஸ், சிவகாசி. 1972-ல முதல் இதழே இரும்புக்கை மாயாவி. அப்ப விருதுநகர் மாவட்டம்னே ஒண்ணு கிடையாது, எல்லாம் ராமநாதபுரம்தான். 1984-ல லயன் காமிக்ஸ் வந்துச்சு. பட்டாசும் தீப்பெட்டியும் செய்யற ஊர்லேர்ந்து இங்கிலாந்து மாயாவி, இத்தாலி டெக்ஸ் வில்லர், பெல்ஜியம் லக்கி லூக் எல்லாம் தமிழ் பேசிக்கிட்டு வந்தாங்க. டெக்ஸ் குதிரையில போற அரிசோனாவைப் பார்த்து நான் அசந்ததே இல்லை. திருச்சுழிப் பக்கம் மே மாசம் போனா அதே பொட்டல்தான், கள்ளிக்குப் பதிலா சீமைக்கருவேலம்.

ஏன் இதுக்கு இவ்வளவு கத்துறேன்னு கேட்கலாம். வார்டுல பாருங்க. நோயாளியோட பத்து நாள் கூட இருக்கிற அக்காவுக்கோ அண்ணனுக்கோ செய்யறதுக்கு ஒண்ணும் இல்லை. போன்ல சார்ஜ் இருக்காது, சார்ஜ் இருந்தா டேட்டா இருக்காது. அலுத்துப்போன மனுஷங்கிட்ட புதுசா ஒரு உலகத்தைக் குடுத்தா உள்ளேயே போக மாட்டாங்க. தெரிஞ்ச ஆளுங்க வர்ற கதையைக் குடுங்க, ரெண்டாவது பக்கத்துல உட்கார்ந்துடுவாங்க. வரிசைக்கதையோட பலமே இதுதான். கதை படிச்சா பிபி குறையும், சுகர் இறங்கும்னெல்லாம் நான் சொல்ல வரல. அப்படிச் சொல்றவங்களை நம்பாதீங்க, மாத்திரையைப் போடுங்க.

உண்மையான குற்றவாளி பட்டியல் போடறவர் இல்லை, அரைகுறையா அடுக்கின அலமாரி. ஒரு கிளை நூலகத்துல பொன்னியின் செல்வன் தேடினேன். புது வெள்ளம், சுழற்காற்று இருக்கு. கொலை வாள் இல்லை. மணிமகுடம் இருக்கு. எட்டாவது படிக்கிற பையன் சுழற்காற்றை முடிச்சுட்டு வந்து நின்னா அவனுக்கு என்ன பதில்? கல்கியோட எழுத்து நாட்டுடைமை. யார் வேணா அச்சடிக்கலாம், மலிவுப் பதிப்பும் கிடைக்குது. விலை ஒரு காரணமே இல்லை. அஞ்சு பாகமும் ஒரே கதைன்னு நினைச்சு யாரும் வாங்கல, காணாமப்போன பாகத்தைத் திரும்ப வாங்கணும்னும் யாருக்கும் தோணல. காமிக்ஸோ க்ரைம் நாவலோ பேருக்குக்கூட இல்லை.

உங்க வீட்டு சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்க, நூலக வரின்னு ஒண்ணு இருக்கும். ரூபாய்க்கு 10 பைசா. 1948 நூலகச் சட்டத்துலேர்ந்து வர்ற ஏற்பாடு. யாரோ போடற பிச்சை இல்லைங்க, நம்ம காசு. இந்த வாரம் உங்க ஊர் நூலகத்துக்குப் போங்க. எந்த வரிசையில எந்தப் பாகம் இல்லைன்னு எண்ணி, நூலகர்கிட்ட எழுதிக் குடுங்க. எழுதினதைப் படம் எடுத்து இந்த த்ரெட்டுக்குக் கீழே போடுங்க. கொலை வாள்ல ஆரம்பிச்சு நான் என்னோடதை நாளைக்கு ஓபி முடிஞ்சதும் போடறேன்.