வாவிக்கு அங்கால நின்ற ரயில்

தேர்தல் வந்தால் எங்கட கரையோரத்துக்கு ரயிலும் வரும். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு, அக்கரைப்பற்றுக்கு, பொத்துவிலுக்கு என்று மேடைக்கு மேடை தண்டவாளம் நீளும். தேர்தல் முடிய அதுவும் முடிஞ்சிரும். சொறிக்கல்முனையில இருக்கிற நாங்கள் இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தோம். ரயில் வேணும் என்பதில் எங்களுக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் எந்த மாதிரி ரயில், யாருக்கான ஸ்டேசன் என்று மேடையில் நிற்பவர்களும் சொல்வதில்லை, கீழே நிற்கிற நாமும் கேட்பதில்லை.

கொஞ்சம் வரலாறு பார்ப்போம். இலங்கையில் முதல் ரயில் 1864 இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்கு ஓடியது. தெற்கே மாத்தறைக்கு 1895 இல் போய்ச் சேர்ந்தது. வடக்கே காங்கேசன்துறைக்கு 1905 இல் போனது. மட்டக்களப்புக்கு வர 1928 ஆகிவிட்டது. கல்லடியில் வாவிக்கு மேலால் லேடி மெனிங் பாலம் கட்டியது அதற்கு நாலு வருஷம் முந்தி, 1924 இல். அதாவது பாலம் முதல் வந்தது, ரயில் பிறகு வந்தது. வந்த ரயில் வாவிக்கு அங்கால, டவுண் பக்கமே நின்றுவிட்டது. 2013 இல் பழைய பாலத்துக்குப் பக்கத்தில் புதுப் பாலம் திறந்தார்கள். அதுவும் வாகனத்துக்கான பாலம்தான். தண்டவாளத்தைப் பற்றி அப்பவும் யாரும் யோசிக்கவில்லை.

ரயில் பிந்தியது மட்டும் பிரச்சினை இல்லை. அது எதற்காக வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மாகோவில் பிரிந்து, கல்லோயா சந்தி, பொலன்னறுவை, வாழைச்சேனை, ஏறாவூர் என்று வருகிற இந்தப் பாதை கொழும்பைப் பார்த்துப் போட்ட பாதை. ‘உதயதேவி’யில் ஏறினால் எட்டு ஒன்பது மணித்தியாலத்தில் கொழும்பு. போர்க்காலத்தில் வருடக்கணக்காக ஓடாமல் கிடந்து, பிறகு திரும்பவும் ஓடத் தொடங்கிய வண்டி என்பதால் அதன் மீது எங்கட பெரியவர்களுக்குத் தனிப் பாசம். அதில் பிழையில்லை. ஆனால் அது பயணம் போறவருக்கான ரயில். தினமும் வேலைக்கும் படிப்புக்கும் போய் வாறவருக்கான ரயில் இல்லை.

வித்தியாசம் விளங்க வேண்டுமென்றால் வெள்ளவத்தை ஸ்டேசனைப் பாருங்கள். கிழக்கிலிருந்து கொழும்புக்குப் படிக்க, உழைக்கப் போன எங்கட ஆக்கள் பலருக்கும் தெரிந்த இடம். கடலோரத்தில் மேடை, டிக்கட் ஜன்னல், கொஞ்சக் கூரை. பெரிய மாளிகை ஒன்றுமில்லை. ஆனால் காலையில் ஒரு ஆபீஸ் ரயிலைத் தவறவிட்டால் பின்னால் இன்னொன்று வரும். சீசன் டிக்கட் எடுத்தவர் மாதம் முழுக்கக் கவலையில்லாமல் போய் வரலாம். மட்டக்களப்பில் ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்ததுக்கு எத்தனை மணித்தியாலம் என்று எண்ண வேண்டும். ஸ்டேசனைக் கட்டடத்தை வைத்து அளக்கக் கூடாது. அடுத்த வண்டி எப்போ வரும் என்பதுதான் அளவு.

இப்போ எங்கட கரையைப் பாருங்கள். ஏறாவூர், மட்டக்களப்பு, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்லாறு, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. மணி கோத்த மாதிரி ஒரே கோட்டில் ஊர்கள். தமிழரும் முஸ்லிம்களும் மாறி மாறி இருக்கிற, சனம் நெருக்கமான கோடு. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம், நடுவில் பெரிய ஆஸ்பத்திரிகள், கச்சேரி, சந்தைகள். நாளாந்த ரயிலுக்கு இதைவிடத் தோதான நிலம் வேறு எங்கே? இவ்வளவு சனமும் இன்றைக்கு ஒரே வீதியில் பஸ்ஸை நம்பித்தான் இருக்கிறது.

தடைகள் இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. வாவியைக் கடக்க தனிப் பாலம் வேணும். கடலுக்கும் வாவிக்கும் இடையில் இருப்பது ஒடுங்கிய நிலம், அதில் வீட்டோடு வீடு ஒட்டி இருக்கிறது. கடற்கரையால் போடலாம் என்றால், 2004 சுனாமியில் பெரலியவில் ரயிலோடு ஆயிரத்துக்கு மேற்பட்ட சனம் போனதையும், அதே நாளில் மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் பட்டதையும் மறக்க ஏலாது. படுவான்கரைப் பக்கத்தால் போடலாம் என்றால் அது வயலும் வெள்ளமும். கிட்டங்கித் தாம்போதியில் மாரித் தண்ணி ஏறினால் கல்முனைக்குப் போற வழி என்னவாகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆகவே ரயில் தருவோம் என்று வாறவரிடம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எந்த வழியால்? யாருடைய காணியால்?

முடியாத காரியமும் இல்லை. மாத்தறையிலிருந்து பெலியத்தைக்கு 26.75 கிலோமீட்டர் புதுப் பாதை போட்டு 2019 ஏப்ரலில் திறந்தார்கள். குன்றைக் குடைந்து சுரங்கமும் வெட்டினார்கள். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். இங்கே குடைய மலையே இல்லை. தெற்கில் செய்ய முடிந்தது கிழக்கில் ஏன் மேடையோடு நிற்கிறது என்று கேட்பது எங்கட உரிமை.

ஆனால் பாதை வரும் வரை வாயைப் பார்த்துக் கொண்டிருக்கவும் வேண்டியதில்லை. இருக்கிற தண்டவாளத்திலேயே மட்டக்களப்பு, ஏறாவூர், வாழைச்சேனைக்கு இடையில் காலையும் மாலையும் பள்ளி, ஆபீஸ் நேரத்துக்கு ரயில் பஸ் ஓட்டலாம். அந்த நேரத்துக்கே கல்முனையிலிருந்து ஸ்டேசன் வாசலுக்கு இணைப்பு பஸ் விடலாம். ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் ஒரே சீசன் டிக்கட் கொடுக்கலாம். இரவில் வந்திறங்குகிற பெண்பிள்ளைகள் பயமில்லாமல் நிற்க வெளிச்சம், பூட்டிக் கிடக்காத கழிவறை, சக்கர நாற்காலி ஏறுகிற சரிவுப் பாதை, தமிழில் ஒழுங்கான அறிவிப்பு எல்லாம் வேணும். இதற்கெல்லாம் வெளிநாட்டுக் கடன் தேவையில்லை. இந்தச் சின்ன வண்டிகள் நிறைந்து ஓடினால், தெற்கே பாதையை நீட்டச் சொல்லி வைக்க அதைவிடப் பெரிய சாட்சி வேறில்லை.

செப்டம்பரில் எங்கட திருச்சிலுவைத் திருவிழாவுக்கு எத்தனையோ ஊர்ச் சனம் பஸ்ஸில் நெரிஞ்சு வருகிறது. வருஷத்தில் சில நாள் அவர்கள் படுகிற பாடு, கம்பஸுக்கும் கிளினிக்குக்கும் போற எங்கட ஆக்களுக்கு வருஷம் முழுக்க. அடுத்த தேர்தலில் ஒருவர் ரயிலோடு வந்தால் கை தட்டுவதற்கு முன்னால் கேளுங்கள்: காலை ஏழு மணிக்கு அது எங்கே நிற்கும்? அதைத் தவறவிட்டால் அடுத்தது எத்தனை மணிக்கு?