பைரோன் சிங் ஷெகாவத்: கட்சிக்கொடியைத் தாண்டி ஓர் அறிமுகம்

வடக்கே ஒரு மாநிலத்துத் தலைவர் டெல்லியில் பெரிய பதவிக்குப் போட்டி போடுகிறார் என்று செய்தி வந்தால், நம்மவர்கள் வீட்டில் அவருடைய அறிமுகம் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். "யாருப்பா அவரு?" "பி.ஜே.பி.காரர், ராஜபுத்திரர், இந்திக்காரர்." அவ்வளவுதான். ஜெய்ப்பூரிலும் புனேயிலும் டெல்லியிலும் இருபது வருடமாகக் குடியிருந்து, அந்த ஊர் ரேஷன் கார்டும் ஓட்டர் கார்டும் வாங்கிவிட்ட நாமும் இதைத்தான் சொல்கிறோம். நம் ஊர்த் தலைவர்களை வடக்கத்தியர்கள் 'மதராசி' என்று ஒரே டப்பாவில் போட்டு மூடினால் மட்டும் நமக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது!

ஒரு பழமைவாதத் தலைவரை எடை போட என்னிடம் இருப்பது ஒரே ஒரு கேள்வி. எதிர்க்கட்சியைத் திட்டியதை விடுங்கள், அதை எல்லோரும் செய்வார்கள். தன் சொந்த சாதியும் சொந்தக் கட்சியும் முகம் சுளிக்கும் என்று தெரிந்தும் அவர் எப்போது எதிர்த்து நின்றார்? எப்போது நிற்காமல் போனார்? இந்தக் கேள்விக்கு நான் அடிக்கடி எடுத்துச் சொல்லும் ஆள், 2007-ல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று தோற்ற பைரோன் சிங் ஷெகாவத்.

முதலில் சுருக்கமாக ஆளைப் பற்றி. ராஜஸ்தானில் சீகர் மாவட்டம், காச்சரியாவாஸ் கிராமம். பிறந்தது 1923. விவசாயம் பார்த்தார், போலீசில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்தார். 1952-ல் ஜனசங்கத்தின் சார்பில் சட்டசபைக்குப் போனார். மூன்று முறை முதல்வர் (1977–80, 1990–92, 1993–98). 2002-ல் குடியரசுத் துணைத் தலைவர். ராஜஸ்தானில் 'பாபோசா' என்று சொன்னாலே அவர்தான். வீட்டுப் பெரியவரை மரியாதையாகக் கூப்பிடும் சொல் அது.

இனி கணக்குக்கு வருவோம்.

அன்றைய ராஜஸ்தானில் நிலத்தின் பெரும்பகுதி ஜாகீர்தார்கள் கையில். நம் ஊர் ஜமீன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜாகீர்தார்களில் பெரும்பாலோர் ராஜபுத்திரர்கள். 1952-ல் ஜாகீர் ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டசபையில் ஜனசங்கத்துக்கு இருந்ததே 8 பேர். அவர்களில் பெரும்பாலோர் ஜாகீர்தார் பக்கம் சாய்ந்தார்கள். முதல் முறை எம்.எல்.ஏ.வான ஷெகாவத், தானும் ராஜபுத்திரராக இருந்தும், ஒழிப்பை ஆதரித்தார். அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு அதே ஜனங்களிடம்தான் திரும்பப் போக வேண்டும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

1977-ல் முதல்வரானதும் 'அந்தியோதயா' திட்டத்தைத் தொடங்கினார். ஒவ்வொரு கிராமத்திலும் மிக ஏழ்மையான ஐந்து குடும்பங்களை முதலில் அடையாளம் கண்டு, அவர்களுக்கு நிலம், கடன், கால்நடை, பென்ஷன் என்று தேவையானதைக் கொடுப்பது. 'எல்லோருக்கும் கொஞ்சம்' என்று தெளிக்காமல், வரிசையில் கடைசியில் நிற்பவனை முன்னால் அழைத்த திட்டம். அந்தப் பெயர்தான் பின்னால் மத்திய அரசின் அந்தியோதயா அன்ன யோஜனாவில் வந்தது. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் 35 கிலோ அரிசி வாங்கும் கார்டின் பெயரும் அதுதான்.

மூன்றாவதுதான் பெரிய சோதனை. 1987 செப்டம்பரில், அவருடைய சொந்த சீகர் மாவட்டத்திலேயே தேவ்ராலா கிராமத்தில் ரூப் கன்வர் என்ற இளம் விதவை கணவனின் சிதையில் எரிந்து இறந்தார். கோயில் கட்ட வேண்டும் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. ஜெய்ப்பூரில் ராஜபுத்திர இளைஞர்கள் வாளோடு ஊர்வலம் போனார்கள். ஓட்டுக்குப் பயந்து பல தலைவர்கள் வாய் திறக்கவில்லை, சிலர் ஆதரித்தே பேசினார்கள். ராஜபுத்திரர்களின் மிகப் பெரிய தலைவர்களில் ஒருவரான ஷெகாவத் சதியை வெளிப்படையாகக் கண்டித்தார்.

இதோடு நிறுத்தினால் இது பாராட்டு மடல் ஆகிவிடும். கணக்கின் மறுபக்கமும் இருக்கிறது.

1992 செப்டம்பரில் அவர்தான் முதல்வர். ராஜஸ்தான் அரசின் பெண்கள் வளர்ச்சித் திட்டத்தில் 'சாத்தின்' என்ற கிராமப் பணியாளராக இருந்த ஒருவர், குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காகக் கூட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளானார். அரசு சொன்ன வேலையைச் செய்ததற்குக் கிடைத்த தண்டனை அது. 1995-ல் கீழ்க் கோர்ட் குற்றம் சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. அப்போதும் ஷெகாவத்தான் முதல்வர். சதிக்கு எதிராக எழுந்த குரலின் வேகத்தை இந்தப் பெண்ணுக்காக நான் பார்க்கவில்லை. பெண்கள் அமைப்புகள்தான் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயின. 'விசாகா எதிர் ராஜஸ்தான் மாநிலம்' என்ற அந்த வழக்கில் 1997-ல் வந்த நெறிமுறைகள்தான் 2013-ல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமாயின. நம் கம்பெனிகளில் வருடா வருடம் 'பாஷ் ட்ரெய்னிங்' என்று கிளிக் செய்து தள்ளுகிறோமே, அதன் வேர் ஜெய்ப்பூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறது.

ஆக, ஒரே மனிதர், இரண்டு பக்கம். 2007-ல் அவர் சுயேச்சையாக, தேசிய ஜனநாயகக் கூட்டணி ஆதரவோடு நின்றபோது இதையெல்லாம் யார் பேசினார்கள்? எதிரே நின்ற பிரதிபா பாட்டீல் அதற்கு முன் ராஜஸ்தான் கவர்னராக இருந்தவர். அவர் கணவர் குடும்பத்தின் பூர்வீகமும் ஷெகாவாட்டிப் பகுதிதான். 'மண்ணின் மைந்தரா, மண்ணின் மருமகளா' என்று ஒரு பக்கம் பேச்சு. இன்னொரு பக்கம், பி.ஜே.பி.யின் பழைய கூட்டாளியான சிவசேனா, வேட்பாளர் மராத்தியர் என்பதற்காகப் பாட்டீலை ஆதரித்தது. முடிவு: பாட்டீல் 6,38,116, ஷெகாவத் 3,31,306. முடிவு வந்ததும் துணைத் தலைவர் பதவியை ராஜினாமா செய்தார். 2010 மே மாதம் காலமானார்.

அன்றைய எண்ணிக்கைக்கு அவர் தோற்பது எதிர்பார்த்ததுதான். அவர் ஜெயித்திருக்க வேண்டும் என்பதும் என் வாதம் இல்லை. ஐம்பத்தைந்து வருடப் பொதுவாழ்க்கை எதிரே கிடக்கும்போது, நாம் பார்த்தது மொழியையும் கொடியையும் மட்டும்தான் என்பதே என் வருத்தம்.

நமக்கென்ன என்று கேட்காதீர்கள். குடியரசுத் தலைவர் தேர்தலில் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டு மதிப்பு 176, ராஜஸ்தான் எம்.எல்.ஏ.வுக்கு 129 (1971 ஜனத்தொகைக் கணக்கு). அந்த நாற்காலியில் யார் உட்கார்வது என்பதில் நம் ஊருக்குக் கனமான பங்கு இருக்கிறது. பிரதமர் நாற்காலிக்கும் மாநிலத்திலிருந்து நேராகப் போகிறார்கள்: 1996-ல் தேவ கவுடா, 2014-ல் மோடி.

2027-ல் அடுத்த குடியரசுத் தலைவர் தேர்தல். புதுப் பெயர்கள் வரும், வீட்டில் பிள்ளைகள் "யாருப்பா அவரு?" என்று கேட்பார்கள். அவர்கள் படிப்பது அந்த ஊர்ப் பள்ளியில், நாளை ஓட்டுப் போடப்போவதும் அங்கேதான். கட்சிப் பெயரைச் சொல்லி முடித்துவிடாதீர்கள். தன் ஆட்களையே எதிர்த்து அவர் நின்றது எங்கே, பேச வேண்டிய நேரத்தில் பேசாதது எங்கே என்று இரண்டையும் தேடிச் சொல்லுங்கள். நமக்குப் பிடித்த தலைவராக இருந்தால் இரண்டாவதையும், பிடிக்காதவராக இருந்தால் முதலாவதையும் கொஞ்சம் கூடுதலாகவே தேட வேண்டும். நம் ஊர்த் தலைவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.