கிராண்ட் பே மணலும் நம்ம ஊர் மதிலும்



போன வாரம் மொரீஷியஸ் படங்கள் பதினொன்று போட்டிருந்தேன். பார்த்தவர்களுக்கு நன்றி. ‘சார், பூப்போட்ட சட்டையில் பத்து வயசு குறைஞ்சிட்டீங்க’ என்று எழுதிய 2003 பேட்ச் பெண்களுக்குத் தனி நன்றி. அந்தச் சட்டை மகள் வாங்கித் தந்தது. நான் எடுத்ததில்லை.

ஆனால் ஒரு பின்னூட்டம் ஐந்து நாளாக என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது. ‘பாத்தீங்களா சார், தனியார்கிட்ட விட்டா கடற்கரை எப்படிப் பளிச்சுன்னு இருக்குன்னு. நம்ம ஊர்ல கண்டவனும் வர்றதாலதான் குப்பை.’ இதற்கு நாற்பத்தேழு லைக். அதில் ஒன்று என் சொந்தத் தங்கை மகனுடையது.

எழுதியவன் பெயரைச் சொல்லப் போவதில்லை. 1994-ல் பத்தாம் வகுப்பு, மூன்றாவது பெஞ்ச், கணக்கில் 92. நம்ம ஊருக்குத் தெற்கே கடலோரத்தில் இப்போது சொகுசு விடுதி கட்டுகிறான். தை மாதம் திறப்பு விழா. விளக்கேற்ற வரச் சொல்லி வீட்டுக்கு வந்து பழத்தட்டு வைத்து அழைத்துவிட்டும் போயிருக்கிறான். அவனிடம் தனியாகப் பேசியிருக்கலாம். எல்லோர் முன்னாலும் சொன்னான், நாற்பத்தேழு பேர் தலையாட்டினீர்கள். அதனால் பதிலும் இங்கேயே. கொஞ்சம் நீளம்தான். மணி அடித்த பிறகும் பாடம் நடத்திய ஆள் நான் என்று உங்களுக்குத் தெரியாதா?

முதலில் நான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மாப்பிள்ளைக்குப் போர்ட் லூயியில் வேலை. வீடு வடக்கே திரியோலே என்ற ஊரில். நானும் வீட்டம்மாவும் போனதும், முதல் மூன்று நாளைக்குக் கிராண்ட் பேயில் ஒரு பெரிய விடுதியில் அறை போட்டிருந்தார். கிராண்ட் பே என்றால் பிரெஞ்சில் பெரிய வளைகுடா. தீவின் வடமுனைப் பக்கம், உள்ளங்கையைக் குவித்தது போல் கடல் உள்ளே வந்து நிற்கிறது. அலையே இல்லை. வெள்ளை வெள்ளையாக உல்லாசப் படகுகள். கரைச் சாலையில் துணிக்கடை, நகைக்கடை, இத்தாலியச் சாப்பாட்டுக்கடை. இந்த வரிசையிலேயே நம்ம கோபுரம் மாதிரி வண்ணம் பூசிய ஒரு தமிழ்க் கோயிலும் இருக்கிறது. விடுதி வசதியாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். விடியற்காலையில் ஆள் வந்து மணலை வாரிக்கொண்டு வாருகிறார். நம்ம படத்தில் பளிச்சென்று தெரிந்ததே, அந்த மணல்தான். மூன்று நாளும் அங்கே நான் பேசிய மொரீஷியஸ்காரர்கள் எல்லோரும் சீருடை போட்டிருந்தார்கள். இதை நான் கவனிக்கவில்லை. வீட்டம்மாதான் சொன்னாள்.

நாலாம் நாள் அறையைக் காலி செய்தபோது, மகள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அம்மாவும் மகளோடு எங்களைக் கூட்டிப்போக வந்திருந்தார். என் வயதிருக்கும். கொள்ளுப்பாட்டனார் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். அம்மாவுக்குத் தமிழ் பேச வராது, கிரியோல்தான். ஆனால் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார். ‘அரோகரா’ சுத்தமாக வரும். வண்டி வரும்வரை கரையோரமாகக் கொஞ்சம் நடக்கலாம் என்றார். நடந்தோம். பக்கத்து விடுதிக்கு நேரே வந்ததும் ஒரு காவலாளி கையை நீட்டி மறித்தார். அவர்கள் வாடிக்கையாளருக்கு மட்டும்தானாம். நான் வழக்கப்படி திரும்பிவிட்டேன். நம்மைப் பழக்கி வைத்திருப்பது அப்படி. அந்த அம்மா நகரவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஈர மணலைக் காட்டி, ரொம்ப அமைதியாக நாலு வாக்கியம் பேசினார். காவலாளி சிரித்துவிட்டு ஒதுங்கினார். என்ன சொன்னீர்கள் என்று மகள் மூலம் கேட்டேன். ‘கடல் ஏறி நிற்கிற கோட்டுக்குக் கீழே இருக்கிற மணல் உங்க முதலாளியுடையது இல்லை. உன்னுடையது, என்னுடையது. உன் வேலை போகக் கூடாது என்றுதான் கத்தாமல் சொல்கிறேன்’ என்றாராம்.

அன்று ராத்திரியே மாப்பிள்ளையை உட்காரவைத்து அந்த ஊர்ச் சட்டத்தைத் தேடிப் படிக்கச் சொன்னேன். இனிமேல் வருவது கணக்குப் பாடம். மூன்றாவது பெஞ்ச் கவனிக்கவும்.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில், எதிரிப் படை இறங்கினால் காவலுக்கு வேண்டும் என்று கரையோரமாக ஒரு பட்டையைத் தனியாருக்குக் கொடுக்காமல் அரசிடமே ஒதுக்கி வைத்தார்கள். அகலம் ஐம்பது ‘பா’. பா என்றால் எட்டு. ஒரு எட்டுக்கு ஐந்து பிரெஞ்சு அடி. பிரெஞ்சு அடி நம் அடியைவிடச் சற்றுப் பெரியது, ஏறக்குறைய 32.48 சென்டிமீட்டர். ஐம்பதை ஐந்தால் பெருக்கினால் 250 அடி. அதை மீட்டராக்கினால் 81.2. சட்டத்தில் இன்றைக்கும் 81 மீட்டர் 21 சென்டிமீட்டர் என்றே இருக்கிறது. 1810-ல் ஆங்கிலேயர் அதே வடகரையில் படையிறக்கித் தீவைப் பிடித்தார்கள். ஆனால் பிரெஞ்சுச் சட்டங்களைத் தொடரவிட்டார்கள். 1968-ல் சுதந்திரம் வந்தது. ஆட்சி மூன்று மாறியும் அந்தப் பட்டையை விற்க முடியாது. குத்தகைக்குத்தான் விடலாம்.

ஆக, பளபளவென்று இருக்கிற அந்த விடுதிகள் எல்லாம் கரையில் குடித்தனக்காரர்கள். வீட்டுக்காரர் அரசு. இதையா தம்பி நீ ‘தனியார்கிட்ட விட்டது’ என்கிறாய்?

அங்கே எல்லாம் சரி என்று சொல்லவரவில்லை. குத்தகை அறுபது வருடம் வரை போகிறது. விடுதியும் பங்களாவும் தோளோடு தோள் உரசி நிற்பதால், மணல் உனக்குச் சொந்தம் என்றாலும் மணலுக்குப் போகிற சந்து எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. 2002-லிருந்து வெளிநாட்டுக்காரர் சொகுசு வீடு வாங்கலாம் என்று திட்டங்கள் வந்தன. குறிப்பிட்ட டாலருக்கு மேல் வாங்கினால் குடியிருப்பு அனுமதியும் சேர்ந்து கிடைக்கும். முதலில் ஐந்து லட்சம் டாலர், 2020-ல் அதை மூன்றே முக்கால் லட்சமாகக் குறைத்தார்கள். விலை ஏறாமல் என்ன செய்யும்? பக்கத்து வீட்டு அம்மாவின் மகன் கிராண்ட் பேயில் வேலை பார்க்கிறார். அங்கே வாடகைக்குக்கூட வீடு எடுக்க முடியாமல் தினம் பஸ்ஸில் போய்வருகிறார். பொது மணல் இனியும் சுருங்கக் கூடாது என்று அந்த ஊர் ஜனம் கூட்டம் போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டேதான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா எங்களை மோங் ஷுவாஸிக்குக் கூட்டிப்போனார். கிராண்ட் பேக்குக் கொஞ்சம் தெற்கே, அரசு பொதுக் கடற்கரை. சீட்டு கிடையாது, வாசல் கிடையாது. கரை நெடுக சவுக்குத் தோப்பு. பஸ்ஸிலும் வேனிலும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குகிறார்கள். பிரியாணி அண்டா, பாய், ஐஸ்பெட்டி, தாத்தாவுக்கு மடக்கு நாற்காலி. பருப்பு வைத்த ‘தோல் பூரி’ என்று ஒன்று விற்கிறார்கள். நம்ம போளியில் வெல்லத்தை எடுத்துவிட்டுக் குழம்பு ஊற்றினால் அதுதான். ‘காத்தோ பிமாங்’ என்று எண்ணெயில் போட்டு எடுக்கிறார்களே, அது அப்படியே நம்ம பருப்பு வடை. நாலு வடை தின்றேன், சர்க்கரை மாத்திரையை வைத்துக்கொண்டு. ஒரு மரத்தடியில் பறை மாதிரி ஒரு வட்டத் தோல்கருவியைத் தீயில் காய்ச்சித் தட்டிக்கொண்டிருந்தார்கள். பெயர் ரவான். அடிமைகளாக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் வாசித்தது. கறுப்பர், சீனர், முஸ்லிம், நம்ம ஆட்கள், ஒன்றிரண்டு வெள்ளைக்காரர், எல்லோரும் ஒரே தண்ணீரில்.

‘கண்டவனும்’ என்று எழுதினாயே. அந்தக் கண்டவர்கள் இவர்கள்தான்.

குப்பை? சாயங்காலம் கிளம்பும்போது அதைத்தான் பார்த்தேன். குப்பைத்தொட்டி கைக்கெட்டும் தூரத்தில், கழிப்பறை இருக்கிறது, குப்பை அள்ள ஆள் வருகிறது. பொதுக் கடற்கரைகளைப் பார்த்துக்கொள்ள 2002-லேயே சட்டம் போட்டு ஒரு தனி ஆணையம் வைத்திருக்கிறார்கள். சில தொட்டிகள் வழிந்தன. ஒரு நாய் எலும்பை இழுத்துக்கொண்டு போனது. அப்படியும் நம்ம ஊர்க் கரையைவிடச் சுத்தம். நம்ம கரையில் ஒரு தொட்டி உண்டா? ஒரு கழிப்பறை? தொட்டி வைக்காமல் விட்டுவிட்டு, பார் குப்பை போடுகிறான், இவனை வெளியே தள்ளு என்பது, சாக்பீஸ் வாங்கித் தராமல் வாத்தியார் போர்டில் எழுதவில்லை என்று மெமோ கொடுத்த கதை. (அந்த மெமோ இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.)

இன்னொன்று. அந்த வெள்ளை மணலை எந்த விடுதியும் உண்டாக்கவில்லை. அது பவளமும் சிப்பியும் நொறுங்கி வந்தது. தீவின் பெரும்பகுதியைச் சுற்றிப் பவளத்திட்டு வேலி மாதிரி நிற்கிறது. பெரிய அலை அதில் மோதி உடைந்துவிடுவதால் உள்ளே தண்ணீர் குளம் போல் கிடக்கிறது. கரையை ஒட்டிச் சிமெண்டுச் சுவர் எழுப்பினால் அலை அதில் முட்டி, முன்னால் இருக்கிற மணலையே அரித்துக்கொண்டு போகும். அங்கே அப்படிச் சுவர் கட்டி மணலைத் தொலைத்த இடங்களையும் மாப்பிள்ளை காட்டினார்.

கடலுக்கு ஒன்று ஆனால் யார் வருகிறார்கள் என்பதையும் அவர்கள் பார்த்தாயிற்று. 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் தென்கிழக்கில் பவளத்திட்டில் ஏறிக்கொண்டது. ஆகஸ்டில் கப்பல் விரிந்து ஏறக்குறைய ஆயிரம் டன் எண்ணெய் கடலில் கலந்தது. ஜனங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. கரும்புச் சோகையைத் துணிக்குழாயில் திணித்துத் தைத்து, காலி பாட்டில்களைக் கட்டி மிதக்கவிட்டு, எண்ணெயைத் தடுத்தார்கள். வெட்டிய தலைமயிரைக்கூட மூட்டை கட்டிக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாவும் இரண்டு நாள் சோகை திணித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சாப்பிட்ட கரை என்பதால் வந்த பாசம் அது. மதிலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தால் யார் வருவார்கள்?

உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. ‘மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ்’ என்று மாதம் ஒருமுறை யாராவது எனக்கு அனுப்பிவிடுகிறீர்கள். உண்மைதான். நூறு ரூபாய் நோட்டில் இருப்பதே ரங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழ் வம்சாவளித் தலைவர் படம். 1998-ல் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியபோது அங்குள்ள நம்மவர்கள் எதிர்த்து, அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற வைத்தார்கள். பெருமைப்படுங்கள். ஆனால் 1834-லிருந்து நாலரை லட்சம் பேர் வரை இந்தியாவிலிருந்து அந்தத் தீவுக்குக் கூலியாகப் போனார்கள். தோட்டத்தை விட்டு வெளியே காலடி வைக்கவே சீட்டு வேண்டியிருந்தது அவர்களுக்கு. அவர்கள் பேத்தி இன்றைக்குச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ‘இது என் மணல்’ என்று காவலாளியிடம் சொல்கிறாள். எனக்கு நோட்டைவிட இது பெரிதாகத் தெரிகிறது.

தங்கை மகன் போனில் கேட்டான்: ‘மாமா, விடுதி வந்தா நாலு பேருக்கு வேலை கிடைக்குமே, அதுவும் வேண்டாமா?’ நியாயமான கேள்விதான். 2018-ல் அந்தத் தீவுக்கு ஏறக்குறைய 14 லட்சம் பயணிகள் வந்தார்கள். ஊர் ஜனமே பன்னிரண்டரை லட்சம் சொச்சம்தான். பல வீட்டில் அடுப்பெரிவது அந்தப் பணத்தில். விடுதி வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லையே. விடுதி இருக்கட்டும், வழியும் இருக்கட்டும் என்கிறேன். கிராண்ட் பேயிலேயே லா குவெத் என்று சின்னப் பொதுக் கடற்கரை ஒன்று, பணக்கார விடுதிகளுக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. உள்ளூர்ப் பிள்ளைகள் குதித்துக் கும்மாளம் போடுகிறார்கள். அதனால் அந்த விடுதிகள் ஒன்றும் திவாலாகிவிடவில்லை.

இப்போது மூன்றாவது பெஞ்சுக்கு வருகிறேன்.

தம்பி, ஊருக்கு வந்த மறுநாள் உன் இடத்தைப் பார்க்க வந்தேன். நீ இல்லை. எட்டடி மதில், மேலே கம்பி. பக்கத்து விடுதியின் மதிலும் உன் மதிலும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. நடுவில் ஒரு ஆடு நுழையாது. முன்பு அங்கே சவுக்குத் தோப்புக்கு ஊடே ஒரு மணல்தடம் இருந்தது. உன்னோடு இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்தவன் அப்பா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வழியாகத்தான் போவார். மாசி மகத்துக்குச் சாமி தீர்த்தவாரிக்கு இறங்கினதும் அந்த வழிதான். இப்போது மீன்கூடைக்காரம்மா ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்றிப் போகிறார்.

மொரீஷியஸ் சட்டம் உனக்கு வேண்டாம். நம்ம நாட்டுக் கடலோர ஒழுங்குமுறை அறிவிப்பையே எடுத்துப் பார். 1991-லும் இருக்கிறது, 2011-லும் இருக்கிறது. கடற்கரைக்குப் பொதுமக்கள் போய்வர, இரண்டு விடுதிகளுக்கு நடுவே குறைந்தது 20 மீட்டர் அகலத்துக்கு இடைவெளி விட வேண்டும். உனக்கு அனுமதி வாங்கித் தந்தவர் இதைப் படித்துக் காட்டவில்லை என்றால் நான் வந்து படித்துக் காட்டுகிறேன்.

விளக்கேற்ற வருவதற்கு எனக்கு ஆசைதான். வீட்டம்மா பட்டுப்புடவைகூட எடுத்து வைத்துவிட்டாள். உன் மதிலுக்கும் அவர் மதிலுக்கும் நடுவில் 20 மீட்டர் திறந்துவிட்டு எனக்கு ஒரு படம் அனுப்பு. அன்று காலையில் ஐந்து மணிக்கே வந்துவிடுகிறேன். அளக்கிற டேப் என்னிடம் இருக்கிறது, முப்பது மீட்டர் டேப். விளையாட்டு விழாவுக்கு வாங்கியது.